ஸ்கேனுக்குப் பிறகு ஊசி: நரம்பு நோயாளியும் சீன அக்குபங்சரும்

சீனாவில் பக்கவாதம் வந்து படுத்தவருக்கு மருந்தோடு அக்குபங்சர் ஊசியும் போடுவது சர்வசாதாரணம். பாரம்பரிய மருத்துவத்துக்கென்றே அங்கே அரசு பெரிய மருத்துவமனைகளை நடத்துகிறது. தியான்ஜின் நகரில், பாரம்பரிய சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தின் முதல் போதனா மருத்துவமனை அவற்றில் பேர்பெற்றது. அங்கே மூலிகையும் ஊசியும் மட்டும்தான் இருக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனைக் கூடமும் அதே வளாகத்தில் இருக்கின்றன. ஊசி போடும் மருத்துவர் தம் ஐந்தாண்டுப் பட்டப்படிப்பில் நாடி பார்க்கவும் கற்றிருப்பார், உடற்கூறும் கற்றிருப்பார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, அதே நோயாளிக்கு ஊசியும் போடுவார்.

சீனாவுக்கு வெளியே இந்த ஏற்பாடு அரிது. நரம்பியல் நிபுணர் ஓரிடத்தில் இருப்பார், அக்குபங்சர் நிலையம் வேறெங்கோ இருக்கும். ஒருவர் கொடுக்கும் மருந்து மற்றவருக்குத் தெரியாது. தியான்ஜினில் மருத்துவமனை செய்யும் ஒருங்கிணைப்பை மற்ற இடங்களில் நோயாளியே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு முறைகளும் என்ன செய்கின்றன, எந்த நோயில் எது முந்த வேண்டும் என்று தெரியாமல் அதைச் செய்ய முடியாது.

நரம்பியல் மருத்துவர் முதலில் தேடுவது கோளாறு எங்கே இருக்கிறது என்பதை. கை மரத்துப்போகிறது என்று ஒருவர் வந்தால், காரணம் மூளையில் இருக்கலாம், கழுத்துத் தண்டுவடத்தில் இருக்கலாம், மணிக்கட்டில் நசுங்கும் நரம்பில் இருக்கலாம், நீண்டகாலச் சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. சுத்தியலால் முழங்காலைத் தட்டுவதும், கண்ணை மூடி நிற்கச் சொல்வதும், உள்ளங்காலைக் கீறுவதும் பார்ப்பவருக்குச் சம்பிரதாயமாகத் தோன்றலாம். ஆனால் உள்ளங்காலைக் கீறும்போது கட்டைவிரல் மேல்நோக்கி எழும்பினால், மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் இயக்கப் பாதையில் எங்கோ சேதம் என்று அந்த ஒரு அசைவிலேயே மருத்துவருக்குத் தெரிந்துவிடுகிறது. பெரியவர்களுக்குப் பொருந்தும் இந்த அடையாளத்தை பாரிஸ் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி 1896இல் விவரித்தார். இன்றும் அதற்கு மாற்று வரவில்லை. இப்படி இடத்தைக் குறித்துக்கொண்ட பிறகுதான் எம்.ஆர்.ஐ., மூளை மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி., நரம்பு எவ்வளவு வேகத்தில் செய்தி கடத்துகிறது என்று அளக்கும் சோதனை ஆகியவற்றில் எது தேவை என்று முடிவாகும்.

சீன மருத்துவம் அதே நோயாளியை வேறு கேள்விகளோடு அணுகுகிறது. பார்ப்பது, கேட்பதும் முகர்வதும், விசாரிப்பது, தொடுவது என்று நான்கு வகைப் பரிசோதனை. நாக்கின் நிறமும் படிவும் கவனிக்கப்படும். இரண்டு மணிக்கட்டுகளிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார்கள். உடலில் ‘ச்சி’ என்ற உயிராற்றல் பன்னிரண்டு முக்கியத் தடங்களில் ஓடுகிறது, அது தடைபடும்போதும் குறையும்போதும் நோய் வருகிறது என்பது அடிப்படைக் கொள்கை. பக்கவாதத்துக்கு உடலுக்குள் எழும் காற்றைக் காரணமாகச் சொல்வதில் சீன மருத்துவமும் சித்த மருத்துவமும் ஒத்துப்போகின்றன. இந்தத் தடங்களை அறுவை மேசையில் யாரும் கண்டதில்லை. அவை உடலைப் புரிந்துகொள்ள அந்த மருத்துவர்கள் வரைந்துகொண்ட வரைபடம். நோயாளி அதை வரைபடமாகவே எடுத்துக்கொள்வது நல்லது. ‘உங்கள் கல்லீரல் தடத்தில் காற்று’ என்று சொன்னால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

அந்த வரைபடத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஹுனான் மாகாணத்தின் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973இல் தோண்டியபோது பட்டுத் துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. தடங்கள் அதில் இருக்கின்றன, சூடு வைப்பதும் இருக்கிறது, ஊசி குத்துவது இல்லை. ஊசியை விரிவாகப் பேசும் பழைய நூல் ‘மஞ்சள் பேரரசரின் அக நூல்’. கி.பி. 1027இல் சோங் வம்ச அரசவைக்காக வாங் வெய்யி என்பவர் ஆளுயரத்தில் வெண்கலச் சிலைகள் வார்த்து, உடம்பெங்கும் புள்ளிகளுக்குத் துளையிட்டு மாணவர்களைப் பழக்கினார். இவ்வளவு பழமையான முறை சீனாவிலேயே தடையின்றி வாழ்ந்ததாக எண்ணிவிடக் கூடாது. 1822இல் பேரரசர் தாவோகுவாங் அரச மருத்துவக் கழகத்திலிருந்து அக்குபங்சரை நீக்கினார். 1929இல் குடியரசு ஆட்சி சீன மருத்துவத்தையே ஒழிக்கத் திட்டமிட்டு, மருத்துவர்களின் எதிர்ப்பால் பின்வாங்கியது. மருத்துவர் பஞ்சத்தில் இருந்த கம்யூனிஸ்ட் சீனாதான் 1950களில் அதற்கு மறுவாழ்வு கொடுத்தது. பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு நகரங்களில் 1956இல் கல்லூரிகள் திறந்தன. இன்று நோயாளி சந்திக்கும் பாடத்திட்ட அக்குபங்சர் பெரும்பாலும் அந்தக் கல்லூரிகளில் ஒழுங்கு செய்யப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் தரப்பட்டியலில் 361 புள்ளிகள் இருக்கின்றன.

ஊசி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மருந்து ஏற்றும் ஊசி. அக்குபங்சர் ஊசிக்குள் துளை கிடையாது. தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர், மருந்தூசியில் பாதிகூட இருக்காது. துருப்பிடிக்காத எஃகில் செய்த, ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டிய ஊசி அது. நோயாளியைப் படுக்கவைத்து, தோலைத் துடைத்து, பத்துப் பதினைந்து ஊசிகளைச் செருகுவார்கள். குத்தும்போது எறும்பு கடித்தாற்போல ஒரு சுருக்கு. பிறகு மருத்துவர் ஊசியை மெல்லத் திருகும்போது அந்த இடத்தில் கனமும் மரமரப்பும் உளைச்சலும் பரவும். அந்த உணர்வை எதிர்பார்த்துத்தான் திருகுகிறார். சீனாவில் நோயாளியிடம் ‘வந்துவிட்டதா?’ என்று கேட்பது இதைத்தான். மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்று ஓடினால் அது வேறு. ஊசி நரம்பைத் தொட்டிருக்கிறது என்று உடனே சொல்லிவிட வேண்டும். இருபது முப்பது நிமிடம் ஊசிகள் அப்படியே இருக்கும். சில இடங்களில் ஊசிகளில் மெல்லிய கம்பி மாட்டி லேசான மின்துடிப்புக் கொடுப்பார்கள். மாசிபத்திரி இனத்து இலையைக் காயவைத்துத் திரட்டிய மாக்ஸாவைக் கொளுத்தித் தோலுக்கருகே பிடித்துச் சூடு காட்டுவதும் உண்டு.

தியான்ஜின் மருத்துவமனையில் மருத்துவர் ஷி சுயெமின் 1972இல் பக்கவாதத்துக்கென்று வகுத்த முறை இதைவிடக் கடுமையானது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள குழியில் ஊசியைச் செலுத்தி, பறவை கொத்துவதுபோல மேலும் கீழும் அசைக்கிறார்கள். நோயாளியின் கண்ணில் நீர் துளிர்க்கும் வரை அசைப்பது அந்த முறையின் விதி. ஏறக்குறைய அதே காலத்தில் ஷான்சி மாகாணத்தில் ஜியாவ் ஷுன்ஃபா தலைத்தோல் அக்குபங்சரை உருவாக்கினார். அது பழைய தடங்களை ஒதுக்கிவிட்டு, கைகால்களை இயக்கும் மூளைப் பகுதி தலையோட்டுக்கு அடியில் எங்கே இருக்கிறதோ அந்தக் கோட்டின்மேல் ஊசியைச் செலுத்துகிறது. நரம்பியலின் வரைபடத்தையே ஊசிக்காரர் கையில் எடுத்துக்கொண்டது இதுதான்.

ஊசி என்ன செய்கிறது என்பதை ஆய்வுக்கூடங்கள் ஐம்பது ஆண்டாகத் தேடிவருகின்றன. 1971இல் பெய்ஜிங் சென்ற நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. அறுவைக்கு வழக்கமான மரப்பு மருந்துதான் கொடுத்தார்கள். அதற்குப் பின் வந்த வயிற்று உப்புசத்துக்குத்தான் ஊசி. அவர் எழுதிய கட்டுரை மேற்கு நாடுகளில் பெரிய ஆர்வத்தைக் கிளப்பியது. ஊசி குத்தும் இடத்தை முன்பே மரக்கவைத்துவிட்டால் வலி குறைவதில்லை என்று சோதனைகள் காட்டின, அதாவது செய்தி நரம்பு வழியாகத்தான் போகிறது. மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வலிநிவாரணியின் வேலையைத் தடுக்கும் நாலாக்சோன் மருந்தைக் கொடுத்தால் ஊசியின் வலிநிவாரணம் குறைகிறது என்பது 1970களின் பிற்பகுதியில் தெரியவந்தது. ஊசி உடலில் ஏதோ செய்கிறது என்பதற்கு இவை சான்று. எல்லா நோயையும் குணப்படுத்தும் என்பதற்குச் சான்று அல்ல. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை விளம்பரங்கள் ஒரே தாவலில் கடந்துவிடுகின்றன.

எனவே ஒவ்வொரு நோயாகப் பார்ப்பதே நியாயம். பக்கவாதத்தில் நேரம்தான் மருந்து. பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் அழிகின்றன என்பது கணக்கு. அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். குழாய் வழியாகக் கட்டியை உருவி எடுக்கும் சிகிச்சைக்கு, தகுந்த நோயாளிகளில் 24 மணி நேரம்வரை வாய்ப்புண்டு. அதற்கு முன் சி.டி. ஸ்கேன் கட்டாயம். அடைப்பும் ரத்தக்கசிவும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். கசிவு இருப்பவருக்குக் கரைக்கும் மருந்து கொடுத்தால் உயிரே போகலாம். இந்த அவசரத்தை மக்களிடம் கொண்டுசேர்க்கச் சீனா தன் ஆம்புலன்ஸ் எண்ணையே பாடமாக்கியிருக்கிறது. எண் 120. ஒன்று: முகம் ஒருபக்கம் கோணுகிறதா பார். இரண்டு: இரு கைகளையும் தூக்கச் சொல், ஒன்று தொங்குகிறதா பார். பூஜ்யம்: பேச்சு குழறுகிறதா கேள். மூன்றில் ஒன்று இருந்தாலும் 120ஐ அழை. அக்குபங்சர் பிறந்த நாட்டில் பக்கவாதத்துக்கான முதல் அறிவுரை ஆம்புலன்ஸை அழைப்பதுதான்.

இதற்கு நேர்மாறாக, பக்கவாதம் வந்தால் தையல் ஊசியால் பத்து விரல் நுனிகளையும் குத்தி ரத்தம் வரவழைத்தால் சரியாகும், அதுவரை நோயாளியை அசைக்காதே என்று ஒரு செய்தி பல மொழிகளில் சுற்றிவருகிறது. சீன மருத்துவத்தில் விரல் நுனிப் புள்ளிகள் இருப்பது உண்மை. அடைப்பை அது திறக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் நாலரை மணி கரைந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

அக்குபங்சருக்கு இடம் அவசரச் சிகிச்சை முடிந்த பிறகு, கைகால் அசைவையும் விழுங்குவதையும் மீட்கும் கட்டத்தில். சீன ஆய்வுகள் பலவும் நல்ல பலன் சொல்கின்றன. அவற்றைச் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் என்ற ஆய்வு மதிப்பீட்டுக் குழுவினர், ஆய்வுகளின் தரம் குறைவாக இருப்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி இவற்றோடு ஊசியையும் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை. பயிற்சியை விட்டுவிட்டு ஊசியை மட்டும் நம்பினால் மீட்சிக்கு உகந்த முதல் மாதங்கள் வீணாகும். தியான்ஜினிலேயே ஊசி எடுத்த கையோடு பயிற்சியும் நடக்கிறது.

முகவாதம் வேறு கதை. காலையில் எழுந்து வாய் கொப்பளிக்கும்போது ஒருபக்கம் தண்ணீர் ஒழுகும், கண் மூடாது. பயந்துபோய் வருபவரை மருத்துவர் முதலில் புருவத்தை உயர்த்தச் சொல்வார். நெற்றியிலும் சுருக்கம் விழவில்லை என்றால் முக நரம்பில் கோளாறு. வாய் கோணியும் நெற்றி சுருங்கினால் மூளையைச் சந்தேகிக்க வேண்டும். முக நரம்பு வீங்கியதால் வரும் முகவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நிரூபணமான வைத்தியம். ஸ்காட்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், பிரெட்னிசலோன் எடுத்தவர்களில் ஒன்பது மாதத்தில் நூற்றுக்கு 94 பேர் முழுதாகத் தேறினார்கள். எடுக்காதவர்களில் 82 பேர். அந்த 82ஐக் கவனிக்க வேண்டும். பெரும்பாலோர் எந்த வைத்தியமும் இல்லாமலே தேறுகிறார்கள், அந்தப் பெருமை அப்போது கையில் இருந்த வைத்தியத்துக்குப் போய்விடுகிறது. சீனாவின் பதினொரு மருத்துவமனைகளில் 338 முகவாத நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், கனமான உணர்வு வரும்வரை ஊசியைத் திருகியவர்கள், வெறுமனே செருகியவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். இரு தரப்பாருக்கும் பிரெட்னிசோன் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஊசியே போடாத தரப்பு அதில் இல்லை. எந்த வைத்தியமானாலும் மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, இரவில் ஒட்டுநாடா ஒட்டிப் பாதுகாக்க வேண்டும். முகம் திரும்பும், உலர்ந்து புண்ணான கருவிழி அவ்வளவு எளிதில் திரும்பாது.

அக்குபங்சருக்கு வலுவான ஆதாரம் இருப்பது தலைவலியில். அடிக்கடி ஒற்றைத் தலைவலி வருபவர்களிடம் நடந்த 22 ஆய்வுகளை 2016இல் காக்ரேன் தொகுத்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தன. ஊசி எடுத்தவர்களில் 41 பேருக்கு. தடுப்பு மாத்திரைகளோடு ஒப்பிட்டால் ஊசி சளைக்கவில்லை, பக்கவிளைவும் குறைவு. ஆனால் புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசியோடு ஒப்பிட்டபோது, உண்மை ஊசிக்கு 50, போலிக்கு 41 என்று இடைவெளி சுருங்கியது. ஜெர்மனியில் 302 பேரிடம் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில் அந்த இடைவெளியே இல்லை. எங்கே குத்துகிறோம் என்பதைவிட, குத்துவதும் அரைமணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பதும் ஒருவர் அக்கறையோடு கவனிப்பதும் பலனில் பெரும்பங்கு வகிக்கின்றன என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. மாதம் நாலைந்து முறை இருட்டறையில் சுருண்டு படுப்பவருக்குப் பலன் எங்கிருந்து வந்தாலும் பலன்தான். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு ஊசியைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

ஒரே நிபந்தனை, அது ஒற்றைத் தலைவலிதான் என்று முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கைகால் பலவீனத்தோடு வரும் வலி ஆகியவை மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

வலிப்பு நோயில் அக்குபங்சர் பலன் தருவதாக நம்பத்தக்க ஆதாரம் இல்லை. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்து. ஒன்றன்பின் ஒன்றாக வலிப்பு நிற்காமல் தொடரும் நிலைக்கு அது கொண்டுபோகலாம். பார்க்கின்சன் நோயில் ஊசி தூக்கத்துக்கும் உடல்வலிக்கும் சற்று இதம் தரலாம். லெவோடோபா மாத்திரைக்கு அது ஈடாகாது, அதையும் திடீரென்று நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் வரலாம்.

முறையாகப் பயின்றவர் கையில் ஊசி பெரும்பாலும் பாதுகாப்பானது. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்த ஆய்வில் நூற்றுக்கு 8.6 பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு இருந்தது. ரத்தக்கட்டு, வலி, தலைசுற்றல்தான் அதிகம். இருவருக்கு மட்டும் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது. தோள்மேட்டிலும் மார்பிலும் ஆழமாகக் குத்தினால் அது நேரும். ஆனால் நரம்பு நோயாளிகளுக்கென்று தனி ஆபத்துகள் சில உண்டு. அடைப்பு வராமலிருக்க ரத்தம் உறையாத மருந்து எடுப்பவருக்கு ஆழமான ஊசி ஆகாது. இதயத்தில் பேஸ்மேக்கரோ மூளையில் மின்முனையோ பொருத்தியவர் மின்னூசியைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்தவருக்கு மாக்ஸா சூடு காட்டும்போது, தோல் பொசுங்குவதே தெரியாது. மறுநாள் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும், அது ஆறாத புண்ணாகவும் மாறலாம். ஊசியோடு சீன மூலிகைக் கஷாயமும் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டான்ஷென் என்ற வேர், வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தக்கசிவை அதிகமாக்கும். மாஹுவாங் ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

அக்குபங்சர் இந்தியாவுக்கு வந்ததும் மருத்துவர் வழியாகத்தான். ஜப்பானியரோடு போரிட்ட சீனாவுக்கு உதவ 1938இல் போன இந்திய மருத்துவக் குழுவில் துவாரகாநாத் கோட்னிஸுடன் இருந்த வங்காள மருத்துவர் பி.கே.பாசு, 1950களின் இறுதியில் மறுபடி சீனா போய் இதைக் கற்றுவந்து கல்கத்தாவில் தொடங்கினார். இலங்கையில் மருத்துவர் அன்ரன் ஜயசூரிய கொழும்பு தெற்கு மருத்துவமனையில் இந்தச் சிகிச்சையை நடத்தினார். இந்தியச் சுகாதார அமைச்சகம் 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைச் சுகாதார முறைகளில் ஒன்றாக ஏற்று ஆணையிட்டது. தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் விரலால் தொட்டுச் செய்யும் சிகிச்சையும் அக்குபங்சர் என்ற பெயரில் பரவலாக நடக்கிறது. மேலே சொன்ன ஆய்வு முடிவுகள் எதுவும் அதற்குப் பொருந்தாது. எந்தப் பரிசோதனையும் வேண்டாம், எல்லா மாத்திரையையும் இன்றே நிறுத்து என்று சொல்பவர் எந்தப் பெயரில் வைத்தியம் செய்தாலும் நரம்பு நோயாளி அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

நல்ல சிகிச்சையாளர் ஸ்கேன் அறிக்கையைக் கேட்பார், மாத்திரைப் பட்டியலைக் கேட்பார், புதிய ஊசி உறையை நோயாளியின் கண்முன் பிரிப்பார். நரம்பியல் மருத்துவரிடமும் ஊசி எடுப்பதை மறைக்கக் கூடாது. தலைவலிக்காரர் முதல் ஊசிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வலி வந்த நாள், நீடித்த நேரம், விழுங்கிய மாத்திரை எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிவர வேண்டும். வாரம் ஒன்றிரண்டு முறையாக ஆறு முதல் எட்டு வாரம் எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தக் குறிப்பைப் புரட்டிப் பார்க்கலாம். வலி நாட்கள் குறைந்திருந்தால் இடைவெளி விட்டுத் தொடரலாம். குறையவில்லை என்றால், இன்னும் பத்து முறை வாருங்கள் என்று யார் சொன்னாலும் அந்தப் பணத்தை மிச்சப்படுத்திக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் அடுத்த வழியைக் கேட்கலாம்.